கோட்டில் நிற்காத அடிகள்

உள்ள வாங்கம்மா. செருப்பு அங்கயே கெடக்கட்டும். இந்தா, இதான் நீங்க கேட்ட ட்ரம்ஸ். ஃபோட்டோவுல பாத்ததவிட சின்னதா தெரியுதா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. முந்தாநாள் ஒருத்தர் வந்து, ‘என்னங்க, தோசக்கல்ல கம்பியில மாட்டி வச்சிருக்கீங்க’ன்னு சிரிச்சாரு. அவருக்குக் குடுக்கறதில்லன்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

உக்காருங்க. ஃபோன்ல நீங்க ஒண்ணு கேட்டீங்க, ரிப்பேரானதால குடுக்கறீங்களான்னு. ரிப்பேரெல்லாம் இல்ல. இதுல ஒரு பேடு பழுதில்ல, ஒரு ஒயரு பழுதில்ல. மாட்டினது நான், எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரரு போய் ஏழு மாசம் ஆகுது. அதான்.

நீங்களே வாசிப்பீங்களா? நல்லதும்மா. அப்ப உங்களுக்குப் புரியும். எம்மேல தப்பு இருக்கா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க. எம் மகள்ட்ட கேக்க முடியல. பங்குச்சாமிகிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன், அவருக்கு இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் பிடிபடல. ‘பாவமா இதும்மா?’ன்னு கேட்டாரு.

எங்க வீட்டுக்காரரு பேரு இன்னாசிமுத்து. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டர். சனி ஞாயிறு வந்தா ட்ரம்ஸ். கல்யாணம், கோயில் திருவிழா, மாதா தேர், எல்லாத்துக்கும் அவங்க ஆர்கெஸ்ட்ராதான் இந்தப் பக்கம். இருபத்தெட்டு வருஷம். நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல டீச்சரா இருந்தேன். ஹையர் கிரேடுக்கு எங்கிட்டப் படிச்சுப் பாஸானவங்க ஆயிரம் பேருக்கு மேல இருப்பாங்க. ஒரு எழுத்து தப்பா விழுந்தாலும் அந்தத் தாள கிழிச்சுட்டு முதல்லேருந்து அடிக்கச் சொல்லுவேன். எங்க ரெண்டு பேருக்கும் விரல்லதான் பொழப்புன்னு அவரு சிரிப்பாரு.

ரிட்டயராகி இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். இங்க எங்க ட்ரம்ஸ் வாசிக்கறது? மேல ஒரு சத்தம், கீழ ஒரு சத்தம். பழைய செட்ட கோயிலுக்குக் குடுத்துட்டாரு. அப்புறம் சும்மாவே உக்காந்திருந்தாரு. அந்தச் சமயத்துலதான் இடது கை ஒரு மாதிரி ஆக ஆரம்பிச்சுது. டம்ளர் பிடிச்சா ஆடும். சட்டை பட்டன் போட அரை மணி நேரம். டாக்டர் பார்க்கின்சன்னு சொன்னாரு. மாத்திரை குடுத்தாரு. கைக்கு வேலை குடுங்க, சும்மா வைக்காதீங்கன்னாரு.

எம் மக ஜெசிந்தா மஸ்கட்ல நர்ஸு. அவதான் இத வாங்கி அனுப்பினா. ‘சத்தமே வராதும்மா, ஹெட்போன் போட்டுக்கலாம், கம்ப்யூட்டர்ல சேத்து ரெக்கார்டும் பண்ணலாம். நீதான் மாட்டிக் குடுக்கணும்’னா. மூணு பெட்டி வந்துச்சு. வீடியோ கால்ல அவ சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு ரெண்டு நாள் மாட்டினேன். இது ஸ்நேர், இது டாம், இது ஹை-ஹாட், வலது கால்ல கிக். எல்லா ஒயரும் இந்தப் பெட்டிக்குள்ள போகுது பாருங்க, அங்கேருந்து ஒரே ஒயரு லேப்டாப்புக்கு. பெட்டியில வர்ற சத்தம் அவருக்குப் பிடிக்கல, தகர டப்பான்னுட்டாரு. கம்ப்யூட்டருக்குள்ள நல்ல ட்ரம்ஸ் சத்தம் இருக்குன்னு மக சொன்னா. அத போட்டுக் குடுத்தேன்.

உக்காந்து ஒரு அடி அடிச்சாரு. உடனே நிறுத்திட்டாரு.

‘பிலோ, லேட்டா வருது.’ என்ன பிலோன்னுதான் கூப்பிடுவாரு.

‘என்ன லேட்டு?’

‘நான் அடிச்சதுக்கு அப்புறமா சத்தம் வருது. கொஞ்சூண்டுதான். ஆனா வருது.’

எனக்கு ஒண்ணும் தெரியல. நான் என்ன நெனச்சேன்னா, வியாதி காதுக்கும் வந்துடுச்சோன்னு. பயந்து மகளுக்கு ஃபோன் போட்டேன். அவ விசாரிச்சுட்டுச் சொன்னா: ‘அப்பா சொல்றது சரிதாம்மா, கம்ப்யூட்டர்ல பஃபர்னு ஒரு நம்பர் இருக்கும், அது பெருசா இருந்தா சத்தம் பிந்தி வரும்.’ குறைச்சேன். ரொம்பக் குறைச்சா கரகரன்னு உடைஞ்சுது, கொஞ்சம் ஏத்தினேன். அவரு அடிச்சாரு. ‘ஆங். இப்பச் சரி’ன்னாரு. அந்த முகம் இருக்கே. ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அந்த முகத்தப் பாத்தேன்.

தினமும் காலைல பத்து மணிக்கு, மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் கழிச்சு உக்காருவாரு. அப்பதான் கை கொஞ்சம் கேக்கும். நான் பக்கத்துல மவுஸ பிடிச்சுக்கிட்டு. ஹெட்போன் அவருக்கு. எனக்குக் கேக்கறதெல்லாம் ரப்பருல விழுற டப்பு டப்புதான். ஆனா ஸ்கிரீன்ல தெரியும். ஒவ்வொரு அடியும் ஒரு குட்டி கட்டையா விழும். பின்னாடி கோடு கோடா இருக்கும், நோட்டுல மார்ஜின் போட்ட மாதிரி. அடி சரியான நேரத்துல விழுந்தா கோட்டுல நிக்கும். இல்லன்னா தள்ளி நிக்கும்.

அவரு அடி தள்ளித்தான் நின்னுச்சு. வலது கை கொஞ்சம் முந்தும். இடது கை பிந்தும், சில இடத்துல ரொம்பவே பிந்தும்.

முதல் தடவ ரெக்கார்ட் பண்ணித் திருப்பிப் போட்டுக் கேட்டாரு. நெத்தி சுருங்கிடுச்சு. ‘பிலோ, மறுபடியும் லேட்டா வருது பாரு. அந்த நம்பரப் பாரு.’

நம்பர் சரியாத்தான் இருந்துச்சும்மா. இந்தத் தடவ மெஷின் இல்ல. அது எனக்குத் தெரியும். நான் என்ன சொல்றது, சொல்லுங்க? ‘உங்க கைதாங்க’ன்னா சொல்ல முடியும்? ‘ஆமாங்க, மெஷின்தான், இருங்க பாக்கறேன்’னேன். அவர காப்பி குடிக்க அனுப்பிட்டு எங்கெங்கயோ அமுக்கினேன். ஒரு இடத்துல குவான்டைஸ்னு இருந்துச்சு. அமுக்கினா, அத்தன கட்டையும் சரசரன்னு ஓடிப் போய்க் கோட்டுல நின்னுச்சு. அப்படியே, அசெம்பிளியில மணி அடிச்சதும் புள்ளைங்க வரிசையில நிக்குமே, அப்படி. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.

அவரு காப்பி டம்ளரோட வந்தாரு. போட்டுக் காட்டினேன்.

முழுசாக் கேட்டாரு. அப்புறம் டம்ளர கீழ வச்சுட்டு, ‘பாத்தியா? போகலடி. கை போகல’ன்னாரு.

இதுல என்னம்மா தப்பு? நான் கேக்கறேன். டைப் அடிக்கறப்ப எழுத்து ஏறி இறங்கி விழுந்தா சரி பண்றதில்லையா? அவரு அடிச்ச அடிதானே எல்லாம். நான் ஒண்ணு சேக்கல, ஒண்ணு எடுக்கல. எடத்துல வச்சேன், அவ்வளவுதான். அப்புறம் பாத்தா இடது கை சத்தம் கம்மியா விழுந்திருக்கும். அதையும் வலது கையளவுக்கு ஏத்திவிட ஒரு வழி இருந்துச்சு. அதையும் கத்துக்கிட்டேன். சரி பண்ணினத சேவ் பண்ணுவேன். பழசு மேலயே சேவ் ஆயிடும். ஒரே பாட்டுக்கு ரெண்டு ஃபைல் எதுக்கு, குழப்பம்தானே.

இருபத்தாறு பாட்டு அப்படி ஆச்சு. ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும். அவருக்கு நடையே மாறிப்போச்சும்மா. காலைல ஷேவ் பண்ணுவாரு. சட்டையை இன் பண்ணிக்கிட்டு உக்காருவாரு, வீட்டுக்குள்ளயே. ரெக்கார்ட் பண்ணினத அவங்க ஆர்கெஸ்ட்ராவுல கீபோர்டு வாசிச்ச தங்கதுரைக்கு அனுப்பினாரு. தங்கதுரை இப்ப கரூர்ல இருக்காரு, எங்கள அண்ணே அண்ணின்னுதான் கூப்பிடுவாரு. அவரு ஃபோன் போட்டு, ‘அண்ணே, இருபது வயசுப் பையன் கணக்கா வாசிக்கறீங்க! ஒரு அடி நகரல!’ன்னாரு. ஸ்பீக்கர்ல போட்டு என்னையும் கேக்கச் சொன்னாரு இவரு. நானும் கேட்டேன். சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

அங்கதான் வந்துச்சு வினை. எங்க பங்குக் கோயில் திருவிழாவுக்குப் பழைய ஆளுங்களச் சேத்து ஒரு கச்சேரி வைக்கலாம்னு தங்கதுரை ஆரம்பிச்சாரு. கிட்டார்காரர், பாடுறவங்க ரெண்டு பேரு, எல்லாரும் சரின்னுட்டாங்க. இவருதான் ட்ரம்ஸ்.

நான் சொல்லியிருக்கணும்னு சொல்லுவீங்க. தெரியும். எம் மக ஒருத்தி போதும் அதச் சொல்றதுக்கு, அவளுக்கு இது தெரிஞ்சா. நானும் நெனச்சேன். ரெண்டு மூணு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. ஒரு நாள் சட்டைக்கு பட்டன் போட்டு விட்டுக்கிட்டே, ‘என்னங்க, மேடையில வேணாமே, களைப்பா இருக்கும்’னேன். ‘நீதானே ரெக்கார்ட் பண்ற, நீ கேட்டேல்ல?’ன்னாரு. கச்சேரி அன்னிக்கு மாத்திரை நேரத்தக் கொஞ்சம் மாத்தி வச்சா சரியாப் போயிடும்னு நெனச்சேன். டாக்டர்ட்ட கேட்டு மாத்தியும் வச்சேன். என்னால ஆனதச் செஞ்சேன்மா.

ரிகர்சல் பாக்கறதா இருந்துச்சு. கிட்டார்காரர் வர்ற ரயிலு லேட்டு. இருபத்தெட்டு வருஷம் சேந்து வாசிச்சோம், ரிகர்சல் என்னத்துக்குன்னு விட்டுட்டாங்க. சாயந்தரம் ஆறரைக்குக் கச்சேரி. நான் ரெண்டாவது வரிசையில உக்காந்திருந்தேன். இவரு வெள்ளைச் சட்டை. பழைய செட்டயே மேடையில போட்டிருந்தாங்க, இவரு கோயிலுக்குக் குடுத்தது.

முதல் பாட்டு மெதுவான பாட்டு. ஓடிப்போச்சு. ரெண்டாவது பாட்டு வேகம். சரணத்துக்கு வந்ததும் இடது கை விட்டுடுச்சு. அந்தப் பாடுற பொண்ணு திரும்பிப் பாத்துச்சு. கிட்டார்காரர் காலால தரையில தட்டிக் காமிச்சாரு. இவரு பல்லக் கடிச்சுக்கிட்டு அடிக்கறாரு. அடிக்க அடிக்க எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போறாங்க. முன்வரிசையில ஒரு புள்ள காத பொத்திக்கிச்சு.

தங்கதுரை தங்கமான மனுஷன். கண்ணால சவுண்டுக்காரருக்கு ஏதோ சொன்னாரு. கீபோர்டுல ரிதம் தானா ஓடுற மாதிரி ஒண்ணு இருக்குல்ல, அத ஓட விட்டாரு. எங்க வீட்டுக்காரரு ட்ரம்ஸ்கிட்ட இருந்த மைக்கையெல்லாம் குறைச்சுட்டாங்க. பாட்டு நேராயிடுச்சு. ஜனங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, கை தட்டினாங்க. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. மாதாவே நன்றின்னு சொன்னேன்.

இன்னும் ஏழு பாட்டு. ஏழுக்கும் இவரு அடிச்சுக்கிட்டே இருந்தாரு. கையும் காலும் ஆடுது. சத்தம் கீபோர்டுலேருந்து வருது. எழுந்து போயிருக்கலாம். போகல. கடைசிப் பாட்டு வரைக்கும் உக்காந்து அடிச்சாரு.

ஆட்டோல வரும்போது நான்தான், ‘நல்லா இருந்துச்சுங்க’ன்னேன்.

மறுநாள் காலைல தங்கதுரை ஃபோன் பண்ணினாரு. இவரு பால்கனியில நின்னு பேசினாரு. நான் காய் நறுக்கிக்கிட்டு இருந்தேன். உள்ள வந்தாரு.

‘பிலோ. கம்ப்யூட்டரத் தொற.’

தொறந்தேன்.

‘தங்கதுரை கேக்கறான், அனுப்பினது யாரு வாசிச்சதுன்னு.’

‘நீங்கதாங்க வாசிச்சீங்க.’

‘அப்ப நேத்து வாசிச்சது யாரு?’

அவரு ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்தாரு. ரெக்கார்ட் போடச் சொன்னாரு. நாலு நிமிஷம் வாசிச்சாரு. பாட்டெல்லாம் இல்ல, சும்மா தாளம் மட்டும். முடிச்சுட்டு ஸ்கிரீன என் பக்கத்துலேருந்து தன் பக்கம் திருப்பினாரு. அந்தக் கட்டையும் கோடும் என்னன்னு அதுவரைக்கும் அவரு கேட்டதே இல்ல.

‘இது என்ன கோடு?’

‘அடி நிக்க வேண்டிய எடம்ங்க.’

‘இது?’

‘நீங்க அடிச்சது.’

விரல வச்சு ஒவ்வொண்ணாப் பாத்துக்கிட்டே வந்தாரு. அவரு விரலு வேற ஆடுது. ‘இத நீ என்ன பண்ணுவ? பண்ணிக் காட்டு’ன்னாரு. வேற ஒரு பாட்ட தொறந்து, அதுல கொஞ்சம் கட்டைய கோட்டவிட்டு நகர்த்திட்டு, பட்டன அமுக்கிக் காட்டினேன். ஓடிப் போய் நின்னுச்சு. பாத்தாரு.

‘எத்தன நாளா?’

‘முதல்லேருந்தே.’

‘எல்லாப் பாட்டுமா?’

‘எல்லாமும்தாங்க. உங்களுக்காகத்தான்...’

‘தெரியும். எனக்காகத்தான்’னாரு. கத்தவே இல்லம்மா. கத்தியிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். ‘நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வீட்டோட வாசிச்சுட்டு இருந்திருப்பேன்ல, பிலோ? மேடைக்குப் போயிருக்க மாட்டேன்ல?’

‘அன்னிக்கு உங்க முகத்த நீங்க பாக்கலங்க’ன்னேன்.

அப்புறம் அந்த நாலு நிமிஷத்தக் காட்டி, ‘இத மட்டும் அப்படியே வச்சிரு. தொடாத’ன்னாரு. சரின்னேன்.

அதுக்கப்புறம் ரெக்கார்டே பண்ணல. ஒரு வாரம் கழிச்சு, காலைல பத்து மணிக்கு டப்பு டப்புன்னு சத்தம் கேட்டுச்சு. ஓடிப் போய்ப் பாத்தா ட்ரம்ஸ்ல உக்காந்திருக்காரு. ஆன் பண்ணல. ஹெட்போன் இல்ல. நான் சுவிட்சுல கை வச்சேன். ‘வேணாம், ஆன் பண்ணாத’ன்னாரு. ‘ஏங்க, என்ன கேக்கும் உங்களுக்கு?’ன்னேன். ‘எனக்குக் கேக்குது, நீ போ’ன்னாரு.

அன்னிலேருந்து தினமும் அப்படித்தான். கரண்டே இல்லாம, வெறும் ரப்பர அடிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம். எம்மேல உள்ள கோவம்மா, வேற என்ன. இத்தன பாடுபட்டு மாட்டிக் குடுத்தத ஆன் பண்ண மாட்டேன்னா, அது கோவம்தானே? ஒரு நாள் கதவிடுக்குல எட்டிப் பாத்தேன். கண்ண மூடிக்கிட்டு, தலைய ஆட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு அடிக்கறாரு. எங்கிட்ட காட்டாத சிரிப்பு. கோவத்துல இருக்கற மனுஷனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? எனக்கு இன்னி வரைக்கும் அது புரியலம்மா.

பத்து மாசம் அப்படிப் போச்சு. அப்புறம் சாப்பாடு முழுங்க முடியாம ஆச்சு. சளி நெஞ்சுல இறங்கி, ஆஸ்பத்திரியில ஆறு நாள். கடைசி ரெண்டு நாள் பேச்சு இல்ல. கை மட்டும் போர்வை மேல ஆடிக்கிட்டே இருந்துச்சு. நடுக்கம் தாங்கலன்னு நெனச்சு ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சு அமுக்கி வச்சுக்கிட்டேன். ஆடக் கூடாது, களைச்சுப் போயிடுவாருன்னு. நர்ஸுப் பொண்ணு சொல்லிச்சு, ‘காலும் ஆடுதும்மா, வலது கால் மட்டும். விட்டு விட்டு.’ காலையும் பிடிச்சு விட்டேன். மறுநாள் விடியறப்ப எல்லாம் நின்னு போச்சு.

அடக்கத்துக்கு வந்த மக, ‘அப்பா வாசிச்சதெல்லாம் குடும்மா’ன்னா. இருபத்தாறையும் குடுத்தேன். மஸ்கட் போய்க் கேட்டுட்டு அழுதா ஃபோன்ல. ‘அப்பாவுக்குக் கை நடுக்கமே தெரியலையேம்மா. இவ்வளவு நல்லாவா வாசிச்சாரு?’ன்னா. அவ நர்ஸும்மா, தினமும் இந்த வியாதிய பாக்கறவ. ‘ஆமா, உங்கப்பா அப்படித்தான்’னேன். அவளுக்கு ஒரு ஆறுதல் வேணும்ல.

எனக்குத்தான் அத கேக்க முடியல. உக்காந்து போட்டுப் பாத்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்மா. நல்லா இருக்கு, தப்பே இல்ல. ஆனா யாரு அடிச்சாலும் அப்படித்தான் இருக்கும். வீட்டுக்குள்ள அவரு வந்த மாதிரியே இல்ல.

அந்த நாலு நிமிஷம் இருக்கேன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்காமலே நான் சொல்லியிருக்கணும். நடுவுல ஒண்ண விட்டுட்டேன்.

அவரு தொடாதன்னு சொன்னதுக்கு மறுநாள், காலைப் பூசைக்குப் போயிருந்தாரு. நான் தனியா உக்காந்து அத போட்டுக் கேட்டேன். கேக்க முடியலம்மா. படிக்கட்டுல கைப்பிடி கெடைக்காம எறங்கற ஆளு மாதிரி இருந்துச்சு, ஒவ்வொரு அடியும். எவ்வளவு பெரிய வாசிப்புக்காரரு. இத யாராச்சும் பின்னால கேட்டா என்ன நெனப்பாங்க? கை தானா போச்சு. அமுக்கிட்டேன். எல்லாம் கோட்டுல போய் நின்னுச்சு. அதுக்குள்ள வெளிக் கதவுச் சத்தம் கேட்டுச்சு. அவசரத்துல சேவ் பண்ணி மூடிட்டேன். மூடிட்டா பழசு திரும்ப வராது. எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் செஞ்சேன்.

அவருகிட்ட சொல்லல. அவரும் அப்புறம் அதக் கேக்கவே இல்ல. இருக்குன்னு நம்பிக்கிட்டே போயிட்டாரு.

ஆனா அன்னிக்கு அவசரத்துல ஒண்ணு பண்ணாம விட்டுட்டேன். இடது கைச் சத்தத்த ஏத்தி வைக்கல. அதனால அதுல மட்டும் இடது கை சத்தம் கம்மியா விழுது. வலது கை பலமா விழும், இடது கை சன்னமா விழும். லேப்டாப்ப நான் குடுக்கறதா இல்ல, அதுக்குத்தான். நீங்க ட்ரம்ஸ மட்டும் எடுத்துக்குங்க.

அதுல மூணாவது நிமிஷத்துல ஒரு இடம் வரும்மா. இடது கை அடிக்கவே இல்ல. தூக்கியிருக்காரு, கை வரல. ஒரே ஒரு அடி காலியா இருக்கு. வந்த அடியத்தான் அந்தப் பட்டன் நகர்த்தும், வராத அடிய அது எங்கேருந்து கொண்டு வரும்? தினமும் காலைல பத்து மணிக்கு நான் அத போட்டு, அந்த இடம் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கேன்.